கரை இறங்க ஐந்து மணிநேரம்

பட்டியலோடு இறங்கினான் ரெமிஜியுஸ்.
மணிக்கூண்டு, ராட்டினம், குதிரை வண்டி:
கப்பல் சமையல்காரர் எழுதிக் கொடுத்த தாள்.
குதிரை வண்டியைத் தடை செய்து கனகாலம் தம்பி என்றேன்.
சமையல்காரர் மொன்றியாலைக் கடைசியாகப் பார்த்தது
எந்த யுகமோ.

மாலுமிகள் மன்றத்தின் வெள்ளை வானை
செவ்வாயும் சனியும் நான் ஓட்டுகிறேன்.
ஏறுவது பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பொடியள்.
சிம் அட்டை, சாக்லேட், மலிவுக் காலணி,
பிறகு மன்றத்து வைஃபையில் குனிந்த தலைகள்.
தமிழ் கதைக்கிற ஒருவன் ஏறியது
நாலு வருசத்தில் இதுதான் முதல்.

என்ன ஏற்றி வந்தீர்கள்?
"உப்பு."
எங்கிருந்து?
"சிலி. நான் தூத்துக்குடிக்காரன்க்கா,
உப்பைப் பாத்துப் பாத்துச் சலிச்சுத்தான் கப்பல் ஏறினேன்."
சிரிக்காமல் சொன்னான்.
இந்த உப்பு தின்பதற்கில்லை, ரோட்டில் கொட்ட என்றேன்.
"ரோட்லயா?"
அதற்குப் பிறகு இரண்டு சிக்னல் வரை பேசவில்லை.

மணிக்கூண்டைக் கடந்து ஓட்டினேன்.
நான் காட்டியது கைவிட்ட தானியக் கிடங்கை.
ஒரு தெரு நீளம், உள்ளே ஒரு மணி கோதுமை இல்லை,
உடைந்த சன்னல் ஒவ்வொன்றிலும் புறா.
கைப்பேசியை எடுக்கவில்லை அவன்,
எத்தனை கப்பல் கொள்ளும் என்று
உதட்டுக்குள் கணக்குப் போட்டான்.

அப்புறம் மாலுமிகளின் சிறு கோயில்.
கூரையில் ஆற்றைப் பார்த்துக் கை விரித்த மாதா,
உள்ளே விட்டத்திலிருந்து தொங்கும் குட்டிக் கப்பல்கள்,
கரை சேர்ந்தவர்கள் நன்றிக்குக் கட்டியவை.
பிரெஞ்சில் எழுதியதை நான் மொழிபெயர்க்கத் தொடங்க
அவன் அண்ணாந்து நின்றபடி
"அந்த மூணாவது கப்பல்ல கயிறு தப்பாக் கட்டிருக்கு" என்றான்.

வெளியே வந்து கேட்டான்:
"இன்னைக்குத் தேதி என்னக்கா?"
ஐந்து.
"ஆகஸ்ட் அஞ்சு."
வான் கண்ணாடியிடம் சொல்வதுபோல.
"பனிமய மாதா திருநாள்.
சப்பரம் சுத்தி முடிச்சிருப்பாங்க.
எங்கம்மா வேர்த்து ஊத்தி
மெழுகுதிரி வளையற வெயில்ல நிப்பா."
கொஞ்சம் பொறுத்து,
"நான் பனியே பார்த்ததில்லக்கா" என்றான்.

மீதம் ஒன்றேமுக்கால் மணிநேரம்.
பட்டியலை மடித்து
சிகரெட் சாம்பல் தட்டில் செருகினேன்.

வடக்கே, சென் மிஷேல் பக்கம்,
பழைய கல்குவாரி ஒன்று.
பனிக்காலம் முழுக்க நகரம் வழித்த பனியை
லாரி லாரியாக அங்கே கொட்டுவார்கள்.
எந்தச் சுற்றுலாக்காரனும் வருவதில்லை.
கம்பி வேலிக்கு வெளியே வானை நிறுத்தினேன்,
நிறுத்தக் கூடாத இடம்தான்.

முப்பத்தொரு பாகை வெயில்.
பள்ளத்தின் அடியில் கிடந்தது மலை:
தார் நிறம், சரளைக்கல், ஒற்றைக் கையுறை,
நசுங்கிய ஆரஞ்சுக் கூம்பு,
அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.
இதுவா?
இதுதான்.
"அவ்வளவு உப்பப் போட்டுமா கரையல?"

ஒரு லாரி சுரண்டிவிட்டுப் போன பக்கத்தில்
கறுப்பு உரிந்து
கை அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது.
அதைக் காட்டினேன்.
கம்பிக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான்,
ஐம்பதடி ஆழத்துக்கு விரல் போதுமா.

வீட்டுக்கு வீடியோவில் அழைத்தான்.
அங்கே நள்ளிரவு, பின்னால் வெடிச்சத்தம்,
யாரோ மைக்கில் காணாமல் போன பிள்ளையின்
சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
"என்னல அது, கரிக்குவியலா?"
"பனிம்மா."
"போல."
"நெசம்மா. ஆகஸ்ட்ல பனி. வெயிலப் பாரு, பனியப் பாரு."

திரையில் அந்த அம்மா
கண்ணாடியைத் தேடிப் போட்டார்.
"அந்த வெள்ளையா இருக்கே, அங்க காட்டு."
காட்டினான். கை நடுங்கியதில் படம் குலுங்கியது.
"அப்படியே வெச்சிரு."
தோளில் கிடந்த முந்தானையை
மெல்ல இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அபராதச் சீட்டு எழுதியவர்
பாதியில் பேனாவை நிறுத்தி
வேலிக்குள் எட்டிப் பார்த்தார்,
நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று.
பிறகு எழுதி முடித்தார்.