கூம்புக் கரண்டி

தர்கான் நகர ரயில் நிலையத்தில்
இருபத்தெட்டு வருடம்
கரி வண்டிகளுக்குக் கொடி அசைத்தவர் என் தாம்தின்.
டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை
எட்டாக மடித்து
ஆடும் மேசையின் காலுக்கடியில் செருகினார்.
மேசை நின்றது.
அவர் கால்கள்தான் மாலையானால் உப்பின.
பூட்ஸைக் கழற்ற நான் ஒருபக்கம் இழுக்க
அவர் மறுபக்கம் சாய,
சிரித்துத் தொலைத்தோம்.

"புல்லை ஆடு தின்னட்டும்.
ஆட்டை நான் தின்கிறேன்."
இந்த ஊர் ஆண்களுக்கெல்லாம் மனப்பாடமான வசனம்.
நான் வாதாடவில்லை.
வாதாடி ஜெயித்த வீட்டில்
யார் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்?

பால் தேநீருக்கு உப்பள்ளும் மரக்கரண்டி
என் கையில்தானே இருக்கிறது.
முதல் வாரம் கரண்டியைத் தட்டினேன்,
கூம்பு மட்டும் போனது.
அடுத்த மாதம் முக்காலுக்குச் சற்று மேலே.
இலை உதிர்ந்தபோது அரை.
அவர் குடித்தார்,
கிண்ணத்தை நீட்டினார்,
இன்னொன்றும் குடித்தார்.

ஆவியில் வேகும் இறைச்சிக் கொழுக்கட்டைக்குள்
முட்டைக்கோஸ் புகுந்தது,
மயிரிழையாய்ச் சீவிய கேரட் புகுந்தது,
சோதனைச் சாவடிக்குத் தப்பிய சரக்கைப்போல.
ஒருநாள் ஆரஞ்சு நார் ஒன்றை
நாக்கிலிருந்து எடுத்து விளக்கடியில் பார்த்தார்.
"கொழுப்பு" என்றேன்.
"அப்படியா" என்று விழுங்கினார்.

வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு
அவர் அண்ணன் கொம்போ வீடு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இரு கைகளாலும் வாங்கிய கிண்ணத்தில்
ஒரு மிடறு. நிறுத்திவிட்டார்.
"அண்ணா, நம் நாட்டுக்குக் கடலே கிடையாதே,
இதை எங்கிருந்து அள்ளினீர்கள்?"
கொம்போ விழித்தார்.
"போன வருஷம் நீ மூன்று கிண்ணம் குடித்த
அதே தேநீர்தானடா!"

அறையே சிரித்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தட்டிலிருந்த தயிர்க்கட்டியை
மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் காலடியில் பனி நொறுங்கும் சத்தம்.
பாலத்தருகே கேட்டார்:
"அப்போ அந்தக் கொழுப்பு?"
"கேரட்."
"எத்தனை நாளாக?"
"பூட்ஸ் தானாகக் கழன்றதே,
அதற்கும் ரொம்ப முன்னால்."

கத்துவார் என்றிருந்தேன்.
குளிருக்கு இதமாகக் கையை
என் கோட்டுப் பைக்குள் நுழைத்தார்.
நுழைத்த கை அங்கேயே நின்றது.
வெளியே வந்தவை நான்கு சர்க்கரைக் கட்டிகள்,
கொம்போ வீட்டுத் தாம்பாளத்தில் இருந்தவை.

தெருவிளக்கில் நிதானமாக எண்ணினார்.
ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.
மூன்றை என் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு,
ரயிலை நிறுத்துகிற குரலில் சொன்னார்:
"அடுத்த வாரம்
இரண்டு."