சம்பவம் நடந்த இடம்

பள்ளி அனுப்பிய படிவத்தின்
முதல் கட்டம் இதைத்தான் கேட்கிறது.
நான் படித்த காலத்துக் கேள்விகள்தான்,
தாள் மட்டும் புதிது.

எனக்கென்றால் எழுதியிருப்பேன்.
கெமியார்வி, சைக்கிள் கொட்டகையின் பின்புறம்,
கடைசி மணி அடித்த பிறகு.
ஆள்: ரெய்யோ.
பனியை அள்ளி என் முகத்தில் தேய்ப்பான்
கன்னம் எரியும்வரை.
அங்கிருந்து வீட்டுக்கு எண்ணூறு காலடி,
எண்ணிக்கொண்டே நடப்பேன்.
கதவைச் சாத்தினால்
அவன் கதவுக்கு அந்தப் பக்கம்.
பனியும் உருகிவிடும்;
காலர் ஈரத்தைத் தவிர
அம்மாவுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

ஹில்ப்பாவுக்கு என்ன எழுத?
இடம்: அவள் உள்ளங்கை.
நேரம்: பல் துலக்கும்போது, பேருந்தில்,
தூக்கம் வரவிருந்த அந்த நொடியில்.
ஆட்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு இதயக்குறிகள்,
துர்க்குவிலிருந்து ஒரு சிரிப்பு,
அவளைப் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒருவன்.

நீச்சல் குளத்தில் யாரோ எடுத்த படம்.
கழுத்துக்குக் கீழே
கடல்நாயின் உடலை ஒட்டியிருந்தார்கள்.
ஒட்டிய கைக்குப் பெயர் ‘குளிர்காலம்7’.

போனை அணைத்து வை என்றேன்,
எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.
“அணைச்சா அவங்க நிறுத்த மாட்டாங்கப்பா.
எனக்குத் தெரியாம நடக்கும், அவ்வளவுதான்.”
அழாமல்தான் சொன்னாள்.

செவ்வாயன்று படத்தை நீக்கினார்கள்.
வியாழனன்று வேறொரு வகுப்பின் குழுவில்
மறுபடி முளைத்தது, இம்முறை மீசையோடு.
அடித்து அடித்து ரெய்யோவுக்குக் கை விறைக்கும்,
கையுறைக்குள் ஊதிக்கொள்வான்.
இதற்குக் கை விறைப்பதில்லை.

ரெய்யோ இப்போது பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறான்.
விடிகாலை நாலு மணிக்கு எங்கள் தெரு.
போன வருடம் பெட்ரோல் பங்கில்
ஓடும் எண்களைப் பார்த்தபடியே,
“அந்தப் பனி… நான்தான்” என்றான்.
தெரியாதா எனக்கு!
ஆனாலும் சொல்ல அவனுக்கொரு வாய் இருந்தது.
முப்பத்தைந்து வருடம் கழித்தும்
கேட்க நான் அதே ஊரில் இருந்தேன்.
குளிர்காலம்7 எந்தப் பங்கில் வந்து நிற்கும்?
அது அவனா, அவளா,
மதியச் சாப்பாட்டில் ஹில்ப்பா பக்கம்
உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்தித் தரும்
தோழியேதானா?

கடைசிக் கட்டம்:
சம்பவம் முடிந்துவிட்டதா? ஆம் / இல்லை.

தெருவில் ரெய்யோவின் மஞ்சள் விளக்கு
சுவரைத் தடவிக்கொண்டு போகிறது.
பேனாவை மூடுகிறேன்.
அவள் அறைக்குப் பதினான்கு படி.
எண்ணிக்கொண்டே ஏறுகிறேன்.