இன்னும் ரெண்டே கோடு

கூலிக்குப் பறப்பவருக்கு
நாளொன்றுக்கு இத்தனை மணி என்று
தாளில் வரம்பு உண்டு.
என்னுடையது சொந்த விமானம்,
இரண்டு இருக்கை, ஒன்பது தவணை பாக்கி.
என் மணியை எண்ண ஆளில்லை.

காலையிலிருந்து தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே
ஏர் மாடுபோலப் போய்ப் போய்த் திரும்புகிறேன்.
பக்கத்தில் அபுதாகிர்
கடற்புல்லில் ஆவுளியா தேடி
மடித்தாளில் கோடு போடுகிறார்.
பதினொன்று. ஒன்று குட்டியோடு.
மதியம் எரிபொருள் ஊற்ற இறங்கினோம்.
எனக்கு யாரும் எதுவும் ஊற்றவில்லை.

மூன்றரைக்குக் கச்சான் செத்தது.
கடலும் வானமும் ஒரே பழுப்பு வேட்டி,
தையல் தெரியவில்லை.
உயரமானியைப் பார்த்தேன்: எண்ணூறு.
பார்த்தேனா என்று மறுபடி பார்த்தேன்:
அறுநூற்றைம்பது.
நடுவில் எங்கே போயிருந்தேன்?
தூங்கவில்லை, சத்தியமாக.
கண் திறந்தேதான் இருந்தது,
கருவாட்டின் கண் திறந்திருப்பதுபோல.

"ஜெசிந்தா, இன்னும் ரெண்டே கோடு."

இன்னும் ஒரே இழுப்பு என்றுதான்
என் அண்ணனும் சுக்கான் பிடித்திருந்தான்.
கண்ணயர்ந்த கால் மணியில்
தண்ணீரில் தெரியாத எல்லை
படகுக்கு அடியில் போய்விட்டது.
அவன் ஆறு வாரத்தில் வந்தான்.
படகு வரவில்லை.

நான் பதில் சொல்லவில்லை.
மூக்கை உச்சிப்புளிக்குத் திருப்பினேன்.
சக்கரம் இரண்டு முறை தரையைத் தட்டியது,
கதவு தட்டிய விருந்தாளிபோல.

பதிவேட்டில் எழுதினேன்: ஆறு மணி நாற்பது நிமிடம்.
களைப்புக்கு அதில் கட்டமில்லை.
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
எனக்கு மட்டும் புரிய.

அபுதாகிர் வெகுநேரம் தாளையே பார்த்தார்.
பிறகு பேனாவை எடுத்து
கடைசி மூன்றை அடித்தார்.
"அலையா இருக்கும்" என்றார்.