ஒரு பிட் ஆழம்

வனாட்ஸோரில் நவம்பர்.
துடைக்கத் துடைக்க மூச்சுப் படிகிறது கடைக் கண்ணாடியில்.
உள்ளே லேசர் இயந்திரம், அதற்கடியில் கருங்கல்,
தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

வார்துஹி கைப்பேசியை நீட்டினாள்.
"இதுதான் இருக்கு."
நாற்பத்தொரு கிலோபைட்.
நகரப் பேருந்து ஓட்டிய மிஹ்ரான்,
கல்யாணக் கூட்டத்திலிருந்து யாரோ வெட்டியெடுத்த தலை,
தோளில் யாருடையதோ நான்கு விரல்.

பெரிதாக்கினேன். கன்னம் சதுரம் சதுரமாகப் பிரிந்தது.
காதோரம் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகள்.
ஜேபெக் இப்படித்தான்:
நீ கவனிக்காததைத்தானே எடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எடுக்கும்.
ஒருமுறை எடுத்தால் தெரியாது.
ரோஸ்தோவிலிருந்து யெரெவானுக்கு, அங்கிருந்து கியூம்ரிக்கு,
அத்தை, அத்தையின் மருமகன், துக்கம் விசாரிக்கும் குழு,
கைமாறிய ஒவ்வொரு சாவடியிலும்
சுங்கம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர்.

"பிஎன்ஜியா மாத்துங்களேன்.
அதுல எதுவும் தொலையாதாம், தங்கை பையன் சொன்னான்."
தொலையாது.
இனிமேல்.
மாவை எந்த வெள்ளிப் பாத்திரத்தில் கொட்டினாலும்
பத்திரமாக இருக்கும், மாவாகவே.

எடுத்தது யார் என்று கேட்டேன்.
ஸ்மபாத், சித்தப்பா மகன், ரோஸ்தோவில் டைல்ஸ் ஒட்டுகிறவன்.
அனுப்பினான். மறுபடி நாற்பத்தொன்று.
"படமா அனுப்பாதீங்க, கோப்பா அனுப்புங்க!"
கத்தினேன். அவனுக்குப் பின்னால் ஏதோ வெட்டும் இயந்திரம் கத்தியது.

மூன்று மெகாபைட் வந்தது, ஹெச்இஐசி.
இப்படியொன்று இருப்பதையே என் கணினி ஒப்புக்கொள்ளவில்லை.
மகளின் மடிக்கணினியில் திறந்து
டிஃப்பாக எழுதி எடுத்துவந்தேன்,
கனம்தான், ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காத கனம்.

புருவத்தில் ஒரே ஒரு மயிர் வரிசை மீறி நீண்டிருந்தது.
தாடையில் சவரம் தவறவிட்ட திட்டு.
கண்ணின் வெள்ளை மஞ்சள்.
ஈரல் அப்போதே கெட்டிருக்க வேண்டும்.
தோளில் இருந்தவை வார்துஹியின் விரல்கள்,
பாதி உரிந்த நகச்சாயம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
உட்காரவில்லை.
"நாப்பது நாளா அந்தச் சின்னதைத்தான் பாத்துட்டிருக்கேன்.
அதுல இவருக்கு வலி இல்ல.
இதை மூடுங்க."

மூடினேன்.
பிறகு, அவள் கேட்காமலே, சொல்லத் தொடங்கினேன்:
கல் வண்ணம் அறியாது. இந்த இயந்திரம் கேட்பது பிஎம்பி, ஒரு பிட்.
புள்ளி உண்டு, இல்லையேல் இல்லை.
சாம்பல் என்று நாம் பார்ப்பது நெருக்கமும் விலகலும்தான்.
படத்தையும் தலைகீழாக்கித்தான் கொடுக்க வேண்டும்:
கறுப்புக் கல்லில் வெளிச்சம்தான் காயம்,
நிழல் என்பது சுடாமல் விட்ட இடம்.
மஞ்சள் தெரியவே தெரியாது, அம்மா.

"அந்தப் புருவ மயிர்?"
எடுத்துவிடலாம்.
"வேணாம், இருக்கட்டும்.
நான்தான் வாராவாரம் கத்தரிப்பேன்.
என் விரலை மட்டும் எடுத்துருங்க.
என் கை இப்பவே கல்லுக்குப் போக வேணாம்."

பிஎன்ஜிக்கு அப்போதுதான் வேலை வந்தது.
ஒவ்வொரு விரலாக வெட்டி அவ்விடத்தை வெறுமையாக்கினேன்.
திரையில் வெறுமை என்றால் கட்டம் போட்ட துணி.
கல்லில் வெறுமை என்றால் கல்.

பணிமனை அறிவிப்புப் பலகைக்கு ஒன்று கேட்டார்களாம்.
அதற்கு ஒரு சின்ன ஜேபெக். அது போதும்,
ஷிஃப்ட் மாறும்போது நின்று பார்க்க யாருக்கு நேரம்?

பெரிய கோப்பை அழித்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை.
வைத்திருங்கள் என்றும் சொல்லவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு,
ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இயந்திரம் உச்சியிலிருந்து ஆரம்பித்தது, வரிவரியாக.
முடி. நெற்றி.
நாலரை மணிக்கு இருட்டிவிட்டது.
வரிசைக்கு வெளியே, தனியாக,
மூன்று புள்ளி.