ஆறாயிரம் அடியைக் கழித்து

படிவத்தில் ஐந்து கட்டம்.
அடி, பலம், ஓட்டம், தடுப்பு, எறி.
கடைசியில் குறிப்பு என்று ஒரு கோடு,
ஒன்றரை அங்குலம்.

கோத்தகிரி, காலை ஏழரை.
மைதானம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
மூன்றாவது பேஸ் பக்கமாகச் சரிந்து கிடந்தது
ஒரு பச்சைத் துண்டு.

யோகவதனி, பதினைந்து.
முகவரியில் தெருப்பெயர் இல்லை,
டிவிஷன் எண்ணும் லைன் எண்ணும்தான்.
பள்ளிக்கூட கிளவ். சுண்டுவிரல் தையல் விட்டதை
உர மூட்டைச் சரட்டால் கட்டியிருந்தாள்.

முதல் பந்தை விட்டுவிட்டாள்.
இரண்டாவதில்
இடுப்பு முதலில் திரும்பியது, கைகள் அப்புறம்தான் வந்தன,
தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.
சில்வர் ஓக்குகளைத் தாண்டித்
தேயிலைக்குள் போய் விழுந்தது பந்து.
எட்டு, என்றார் எட்வின்.

அவசரப்படாதீங்க எட்வின்.
இது ஆறாயிரம் அடி. காற்று மெலிசு,
பந்தைப் பிடித்து இழுக்க ஆளில்லை.
திருச்சியில் இதே அடி இருபது அடி குறையும்,
வேலியோரம் நிற்பவள் நகராமல் பிடிப்பாள்.
வளைபந்தும் அப்படித்தான்,
இங்கே சுருளச் சோம்பும்,
கீழே போனால் படி தவறியவன்போல விழும்.
மலையின் பங்கைக் கழித்தேன்.
ஐந்தரை. பென்சிலில்.

அடுத்து தடுப்பு. ஷார்ட் ஸ்டாப்.
எட்வின் தரையோடு முப்பது பந்து அடித்தார்.
பன்னிரண்டாவதில் மூடுபனி வந்து
இரண்டாவது பேஸை எடுத்துக்கொண்டு போனது.
நிறுத்தலாமா என்று கேட்டேன்.
அவளுக்குக் கேட்கவில்லை,
பேட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஒன்று கல்லில் பட்டுக் காறையெலும்பில் அறைந்தது.
காலடியில் விழவிட்டு, எடுத்து, எறிந்தாள்.
முதல் பேஸில் ருக்சானா கையை உதறிக்கொண்டாள்.
முப்பதில் இருபத்தெட்டு.

எல்லாத்துக்கும் ஏம்மா விழுந்து விழுந்து பிடிக்கிற?

விட்டா சதுப்புக்குப் போயிரும் சார்.
எங்ககிட்ட மொத்தமே மூணு பந்து.
விட்டவங்கதான் இறங்கி எடுக்கணும்.
போன மாசம் அங்க காட்டெருமை நின்னுச்சு.

ஆக, இதுவும் மலையின் பங்கு.
சரிவு ஒன்று, பந்து மூன்று, எருமை ஒன்று.
நியாயப்படி இதையும் கழிக்க வேண்டும்.
சமதளத்தில், கூடை நிறையப் பந்து இருக்கும் ஊரில்
இவள் விழுவாளா?
கற்ற உடம்பு மறக்குமா?
கட்டத்துக்கு மேலே பென்சில் சும்மா நின்றது.
ஒன்பது, என்றார் எட்வின்.
இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிமிர்ந்தால் ஆளைக் காணோம்.
தேயிலைக்குள் தேடப் போயிருக்கிறாள்,
சங்கத்தின் புதுப் பந்து அது.

முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தாள்,
கையில் இரண்டு பந்து.
ஒன்று எங்களுடையது.
இன்னொன்று தோல் கறுத்து, நூல் பிரிந்து,
ஒரு பக்கம் பாசி பிடித்தது.
இது போன வருசத்துது சார்,
ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயே கெடந்துச்சு.

யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை.
ஐந்தரையை அழித்தேன்.
ஈரத் தாள். ரப்பர்
கட்டத்தையும் கொஞ்சம் கிழித்துவிட்டது.