மூன்றாவது திரை

நூறு பேர் உள்ளே வருகிறார்கள்.
மூன்றாவது திரையில் முப்பத்தெட்டுப் பேரைக் காணோம்.
வரைபடம் அந்த இடத்தில்
இருட்டில் படி தவறியவன் போல விழுகிறது.

உகுலேலே கற்றுத்தரும் செயலி.
அதன் வாசலைக் கட்டியவள் நான்,
பங்சார் சவுத்தில், பதினேழாம் மாடியில்,
ஏர்கோனுக்குப் பயந்து சால்வை போர்த்திக்கொண்டு.

இதற்கு முன் வாசித்ததுண்டா?
இல்லை. கொஞ்சம். நன்றாகவே.
மரியாதையான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.

சோதித்துப் பார்க்க வந்தவர் யோகமலர்.
செராஸ் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவர்,
இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார்.
அவர் விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றது.
"இதுக்கும் இண்டர்வியூவா லா?"
சிரித்தார். விரல் மட்டும் இறங்கவில்லை.

அடுத்த திரை:
நான்கு நரம்புகளையும் சுருதி சேர்க்கவும்.

"என்கிட்ட வர்றவங்கள
முதல்ல எல்லா நரம்புக்கும் பேர் சொல்லுன்னா சொல்றேன்?
கைய நீட்டுங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.
அவ்வளவுதான்."

அன்றிரவு கேள்வியை எடுத்தேன்.
கடவுச்சொல்லை எடுத்தேன். சுருதியைப் பிறகுக்குத் தள்ளினேன்.
தவறினால் எரியும் சிவப்பையும்.
ஏழு நாள் விடாமல் வந்தால் ஏற்றும் தீச்சுடர்
வெய் ஹானின் ஆறு மாத உழைப்பு.
இரவு வேலைக்காரருக்கு அது வாரா வாரம் அணையும் என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
கறிபாப்பின் கடைசித் துண்டை இரண்டாகப் பிட்டான்,
எனக்கும் தரவில்லை.

மிஞ்சியது ஒரு கோடு, ஒரு வரி:
இந்த நரம்பைத் தொடுங்கள்.

மறுவாரம் யோகமலர் தொட்டார்.
பார்த்துத் தொடவில்லை.
எங்கோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே
முழங்கை மடிப்பில் தேடுவது போல,
நுனிவிரலால்.
கொசு தும்மியது மாதிரி ஒரு சத்தம்.
இன்னொரு தும்மல்.
நாலாவதோ ஐந்தாவதோ
அறைக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

என் திரையில் அறிக்கை வந்தது:
பயனர் நாற்பத்தொன்று, நான்காம் நிமிடத்தில் வெளியேறினார்.

கைப்பேசி மேசையில் குப்புறக் கிடந்தது.
அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.
வெய் ஹான் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று
உதட்டசைவில் கேட்டான்: போயிட்டாங்களா?

கெரிஞ்சிப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
யோகமலர் இடது கையை விளக்கில் திருப்பினார்,
நுனிவிரலில் சின்னதாய் ஒரு கோடு.
"ஆமா,
எறும்புதான்."