ஏழாம் இருக்கை

டண்டீ. சனிக்கிழமைச் சந்தை. தூறல்.
ஈரத்தில் உப்பிய அட்டைப்பெட்டிக்குள்
பன்றி வளர்ப்பு, ஸ்வெட்டர் பின்னல்,
அடியில் பேசிக் மொழிப் புத்தகம். ஐம்பது பென்ஸ்.
அட்டையில் ராக்கெட் பறக்கிறது.
உள்ளே ராக்கெட் இல்லை. எண் போட்ட வரிகள்தான்.

எனக்கு இது நாற்பத்தோராவது.

"உன்னிடம் கணினியே கிடையாதே, ஷீனா"
என்கிறாள் தங்கை ஐலீன்.

இருந்தது.
எண்பத்து மூன்றில் ஒரு நாளைக்கு நானூறு இருந்தது.
மூடியில்லாமல், குடல் தெரிய,
பட்டையில் நகர்ந்து என் முன்னால் வந்து
நின்றதாகப் பேர் பண்ணிவிட்டுப் போனது.
விசைப்பலகையின் மெல்லிய நாடாவைப் பிளவில் செருகுவது என் வேலை.
மயிரளவு மடிந்தாலும் ஐந்து விசை செத்துப்போகும்.
அடுத்த இருக்கையில் நெட்டா மூடித் திருகுவாள்.
மூடிய பிறகு அந்தப் பெட்டி என்ன செய்யும்
என்று யாரும் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான்.

அறுபத்து மூன்று வயதில் கேட்கிறேன்.
ராத்திரி சமையலறை மேசையில்
விரலே எனக்குக் கணினி.
பத்தாம் வரி: பெயரைக் கேள்.
இருபது: வணக்கம் சொல்.
முப்பது: பத்துக்குப் போ.
போகிறேன். திரும்ப வருகிறேன். திரும்பப் போகிறேன்.
அட, இது பட்டையேதான்,
மணி மட்டும் அடிப்பதில்லை.

இன்று வாங்கியதில் ஒரு பையனின் பென்சில்.
கெவின் டட்ஹில், நாரிச், வயது பதினொன்று.
முந்நூற்று நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில்:
"ஒய் முதல் பி வரை வேலை செய்யவில்லை.
பி இல்லாமல் பிரிண்ட் இல்லை.
அப்பா கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று வாரம்!!"

தேநீர் ஆறிப்போனது.

ஐந்து விசை.
நாடா.
இருக்கைகள் நிறைய இருந்தன, ஷிஃப்டும் இரண்டு,
நானாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.
ஆனாலும் பென்சிலைத் தேடி எடுத்தேன்.
அவன் எழுத்துக்குக் கீழே, சின்னதாய்:
"மன்னித்துக்கொள், கெவின்.
அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும்."

ஐலீன் பார்த்தால் சிரிப்பாள்.
பார்க்கட்டும்.

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.
முந்நூற்று ஐம்பதில் ஒரு கமா இல்லை.
இரண்டு தடவை பார்த்தேன். இல்லைதான்.

இது நான் இல்லை, பையா.
இது அச்சுக்காரன்.